பி.எஸ்சி. இயற்பியலில் 51 சதவீதம், நாலு வருஷ இடைவெளி: எம்.எஸ்சி., பிஎச்.டி. போக முடியுமா?

பென்னாகரம்_ரோடு:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் தர்மபுரி. பி.எஸ்சி. இயற்பியல், பெரியார் பல்கலைக்கழகத்தோட இணைஞ்ச கல்லூரி, முடிச்சு நாலு வருஷம் ஆச்சு. பார்ட் 3 (தமிழ், ஆங்கிலம் சேராத மேஜர், அலைடு பாடங்கள்) மொத்தம் 2300-க்கு 1180. மூணு அரியர் விழுந்து அப்புறம் கிளியர் ஆனது: அலைடு மேத்ஸ் ரெண்டு பேப்பரும், மேத்தமெட்டிகல் பிசிக்ஸும். இப்ப ஓசூர் சிப்காட்டில் கியூ.சி. (தரப் பரிசோதனை) வேலை, வாரா வாரம் ஷிப்ட் மாறும். எம்.பி.சி. பிரிவு.

இந்த மார்க்குக்கு எம்.எஸ்சி. எங்கே கிடைக்கும்? பிஎச்.டி. வரைக்கும் இந்த 51 கூடவே வருமா? அரியர் போட்டதைக் கேட்பாங்களா? ஷிப்ட் வேலையோட ஜாம் (ஐஐடி மாதிரி இடங்களில் எம்.எஸ்சி. சேர எழுதுற நுழைவுத் தேர்வு) படிக்கணும்னா எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

"மனசு வச்சா முடியும்"னு நிறைய பேர் சொல்லியாச்சு. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

—

கருப்பூர்_கேட்:

தம்பி, முதல்ல கணக்கு. 1180-ஐ 2300-ஆல் வகுத்தா 51.3. அது செகண்ட் கிளாஸ். அரசு கலைக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. சேர பி.எஸ்சி. தேர்ச்சி போதும். தரவரிசை பார்ட் 3 மார்க்கை வச்சுத்தான் போடுவாங்க. தமிழ், ஆங்கில மார்க் இதில் சேராது. அதனால தகுதி இருக்கு, போட்டியில்தான் பின்னாடி நிக்கிறீங்க. தர்மபுரி அரசு கலைக் கல்லூரி, கிருஷ்ணகிரி அரசு ஆடவர் கல்லூரி, பைசுஅள்ளியில் இருக்கிற பெரியார் பல்கலை முதுநிலை விரிவாக்க மையம், கருப்பூரில் பல்கலை வளாகம்னு நாலு இடத்தோட அறிவிப்பையும் பாருங்க. எந்தப் பாடம், எத்தனை சீட், மேஜர் பாடத்தில் தனியா சதவீதம் கேட்கிறாங்களான்னு வருஷா வருஷம் அதில்தான் இருக்கும். முதல் சுற்றில் பேர் வரலைன்னா விட்டுடாதீங்க. ஜாம், சியூஇடி (மத்தியப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு), பி.எட்.னு பிரிஞ்சு போறவங்க விட்ட சீட் கடைசிச் சுற்றில்தான் திறக்கும். கல்லூரி நோட்டீஸ் போர்டை நேரில் போய்ப் பார்க்கிறவனுக்கு அது கிடைக்கும்.

இனி நிஜமான ஆபத்து. பி.எஸ்சி. மார்க்கைப் பத்தியே எல்லாரும் கவலைப்படுறாங்க, மாட்டிக்கிறது எம்.எஸ்சி.யில். பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. பேப்பர் பாஸ் ஆக 100-க்கு 50 வேணும். பிஎச்.டி. சேர யுஜிசியோட (பல்கலைக்கழக மானியக் குழு) 2022 விதி முதுநிலையில் 55 சதவீதம் கேட்குது. ஆராய்ச்சி உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் தகுதிக்கும் எழுதுற சிஎஸ்ஐஆர் நெட் தேர்வும் பொதுப் பிரிவுக்கு 55 கேட்குது. ஆக, ஒரு அரியர்கூட இல்லாம எல்லாத்தையும் பாஸ் பண்ணி 53-ல் முடிக்கிற ஆள் ரெண்டு வருஷம் படிச்சும் வெளியேதான் நிப்பாரு. 54.9-ஐ 55-ன்னு ரவுண்டு பண்ணித் தர மாட்டாங்க. அதுக்கப்புறம் இன்னொரு எம்.எஸ்சி.தான் வழி.

உங்களுக்கு ஒரு தளர்வு இருக்கு. எம்.பி.சி. மத்தியப் பட்டியலில் ஓபிசிக்குள்ள வரும், நான்-கிரீமி லேயரா (வசதி வரம்புக்குக் கீழே) இருந்தா பிஎச்.டி. சேர்க்கையில் 5 சதவீதம் தளர்வு. ஆனா அதை நம்பி 50-ல் நிக்காதீங்க. விதி சொல்றது குறைந்தபட்சம் மட்டுமே, நிறுவனம் அதுக்கு மேலயும் வைக்கலாம்.

சும்மா ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. செமஸ்டருக்கு 500 மார்க், நாலு செமஸ்டர்னு வச்சுக்குவோம். முதல் செமஸ்டரில் 240 வாங்கினா 48 சதவீதம். மொத்தத்தில் 55 வர மீதி 1500-க்கு 860 வேணும், அதாவது 57.3. 60 வேணும்னா 960, அதாவது 64. முதல் செமஸ்டரில் தடுமாறினா மீதி மூணும் அதை அடைக்கிறதிலேயே போகும். திரும்பி வர்ற ஆளுங்க தடுமாறுறதும் அங்கேதான், ஏன்னா முதல் செமஸ்டரிலேயே மேத்தமெட்டிகல் பிசிக்ஸும் கிளாசிக்கல் மெக்கானிக்ஸும் உக்காந்திருக்கும். உங்க அரியர் லிஸ்ட்டைப் பாருங்க, அதே கணக்குப் பக்கம்தான்.

இன்டர்னலை அலட்சியம் பண்ணாதீங்க. 25-க்கு 22 கையில் இருந்தா, எக்ஸ்டர்னலில் 75-க்கு 38 வாங்கினாலே 60. இன்டர்னல் 14-ன்னா அதே 60-க்கு 46 எழுதணும். செமினார், அசைன்மென்ட், வருகை, இந்த மூணும் கஷ்டமான வேலை இல்ல. ஆனா வேலை பார்த்துக்கிட்டே ரெகுலர் எம்.எஸ்சி. படிக்க நினைக்கிறவன் தோக்கிற இடம் இது.

அரியர் பத்தி: மார்க் ஷீட்டில் தேர்வு எழுதின மாதம், வருஷம் இருக்கும், மறைக்க முடியாது. கேட்டா ஒரே வரி: "கணக்கு பலவீனமா இருந்தது, இப்ப இதைச் செஞ்சிருக்கேன்." அந்த 'இதை'க்கு ஒரு சான்று கையில் இருக்கணும்.

—

ஊத்தங்கரை_லேப்:

மேல சொன்னதோட ஒண்ணு சேர்க்கணும். பி.எஸ்சி. மார்க் எம்.எஸ்சி. முடிச்சதோட செத்துடும்னு இந்தத் தளத்தில் அடிக்கடி எழுதுறாங்க. ஆராய்ச்சி மாணவர் சேர்க்கை வரைக்கும் அது பெரும்பாலும் உண்மை. உதவிப் பேராசிரியர் வேலைன்னு வரும்போது பேய் மாதிரி திரும்பி வரும்.

யுஜிசி 2018 ஒழுங்குமுறையில் நேர்முகத்துக்கு ஆள் வடிகட்ட ஒரு மதிப்பெண் அட்டவணை இருக்கு. பல்கலைக்கழகப் பணிக்கு இளநிலை 80-க்கு மேல 15, 60 முதல் 80-க்குள்ள 13, 55 முதல் 60-க்குள்ள 10, 45 முதல் 55-க்குள்ள வெறும் 5. கல்லூரிப் பணிக்கு அதே வரிசையில் 21, 19, 16, 10. கேட்டவர் ஃபர்ஸ்ட் கிளாஸ்காரரை விட பல்கலையில் 8 புள்ளி, கல்லூரியில் 9 புள்ளி பின்னாடி ஆரம்பிக்கிறாரு.

ஈடு செய்ய முடியும். அதே பல்கலை அட்டவணையில் பிஎச்.டி.க்கு 30, ஜேஆர்எஃப் (ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைச்ச நெட்டுக்கு 7, வெறும் நெட்டுக்கு 5. முதுநிலையில் 60-ஐத் தாண்டினா 23, 55-லிருந்து 60-க்குள்ள 20. அதனால எம்.எஸ்சி.யில் குறி 55 இல்ல, 60. இந்த அட்டவணை வடிகட்ட மட்டும்தான், தேர்வு நேர்முகத்தில் நடக்கும். தெரிஞ்சே இறங்குங்கன்னு சொல்றேன், அவ்வளவுதான்.

—

மத்தூர்_மேத்ஸ்:

நாலாவது கேள்விக்கு மட்டும் பதில் எழுதுறேன், அதுதான் மீதி எல்லாத்தையும் முடிவு பண்ணும்.

ஜாம் இயற்பியல் 3 மணி நேரம், 60 கேள்வி, 100 மார்க். ஏ பிரிவில் 30 கேள்வி, நாலில் ஒரு விடை: 10-க்கு ஒரு மார்க், 20-க்கு ரெண்டு மார்க். தப்புக்கு மூணில் ஒரு பங்கு கழியும். பி பிரிவில் 10 கேள்வி, தலா ரெண்டு மார்க், ஒண்ணோ அதுக்கு மேலயோ சரியான விடை இருக்கும். எல்லாத்தையும் சரியாத் தொட்டாத்தான் மார்க், பாதிக்குப் பாதி கிடையாது, கழிவும் கிடையாது. சி பிரிவில் 20 கேள்வி, விடையா எண்ணை அடிக்கணும், கழிவில்லை.

இதிலிருந்து என்ன தெரியுது? பி, சி ரெண்டிலும் ஒரு கேள்வியைக்கூட வெறுமனே விடக்கூடாது. ஏ பிரிவில் கண்ணை மூடிக் குத்தினா சராசரியா பூஜ்யம்தான் மிஞ்சும். ஒரு விடை தப்புன்னு உறுதியாத் தெரிஞ்சா மீதி மூணில் குத்துறது லாபம். சியூஇடி முதுநிலையில் சரிக்கு 4, தப்புக்கு 1 கழிவு, அங்க குருட்டுக் குத்துக்கே சராசரி கால் மார்க் வரும். 75 கேள்வியையும் தொட்டுட்டு வாங்க.

ஜாமுக்கு வயசு வரம்பு கிடையாது. அந்த வருஷச் சேர்க்கைக்கு மட்டும்தான் ஸ்கோர் செல்லும். கேட் (எம்.டெக். மாதிரி படிப்புக்கான தேர்வு) ஸ்கோர் மூணு வருஷம் நிக்கும், ஆனா அது எம்.எஸ்சி.க்கான கதவு இல்ல. ஐஐடி எம்.எஸ்சி. இயற்பியலுக்கு பி.எஸ்சி.யில் குறைந்தது ஒரு வருஷம் கணக்கு படிச்சிருக்கணும்னு இருக்கும். அலைடு மேத்ஸ் ரெண்டு செமஸ்டர் அதுக்குச் சரியாப் போகும். ஒவ்வொரு நிறுவனத்தோட தகுதிப் பட்டியலையும் விண்ணப்பிக்கிறதுக்கு முன்னாடியே படிங்க, சதவீத நிபந்தனை இருந்தா அங்கேதான் இருக்கும்.

இப்ப படிப்பு. ஒரு கேள்வி தர்றேன், பேனா எடுத்துப் போட்டுப் பாருங்க. ஒரு கோளம். மின்னூட்ட அடர்த்தி மையத்தில் பூஜ்யம், மையத்திலிருந்து தூரத்துக்கு நேர்விகிதமாக் கூடி, பரப்பில் உச்சம். மொத்த மின்னூட்டம் எவ்வளவு? அரியர்க்காரர் பலர் என்ன செய்வாங்கன்னா, பரப்பில் இருக்கிற அடர்த்தியை எடுத்து கோளத்தோட கொள்ளளவால் பெருக்கிடுவாங்க. சரியான விடை அதில் முக்கால் பங்குதான். இன்னும் சிலர் பரப்பில் உள்ளதில் பாதிதான் சராசரின்னு பாதியால் பெருக்குவாங்க, அதுவும் தப்பு. வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசு மெல்லிசா அடுக்கு எடுத்தா, வெளி அடுக்குக்குப் பரப்பு தூரத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். அடர்த்தி அதிகமான இடத்தில்தான் இடமும் அதிகம். அதனாலதான் பாதியில் நிக்காம முக்காலுக்கு ஏறுது. இதைத் தொகையிட்டுக் காட்ட ரெண்டு வரி போதும். அந்த ரெண்டு வரி கையில் வரலைன்னா உங்க பிரச்சனை மின்னியல் இல்ல, தொகைநுண்கணிதம். மின்னியல் புத்தகத்தை மூணாவது தடவை படிச்சாலும் அது தீராது.

அதனால முதல் பத்து வாரம் இயற்பியலையே தொடாதீங்க. பகுதி வகைக்கெழு, பல மாறித் தொகையீடு, கோள ஆயமும் உருளை ஆயமும், வெக்டர் கால்குலஸ், முதல் ரெண்டு வரிசை வகைக்கெழுச் சமன்பாடுகள், அணிகளின் ஐகன் மதிப்பு, ஃபூரியர் தொடர். ஒவ்வொண்ணுக்கும் ஒரு வாரம், கடினமானதுக்கு ரெண்டு வாரம். தினமும் அஞ்சு கணக்கு, விடையைப் பார்க்காம. அதுக்கப்புறம் மெக்கானிக்ஸ், மின்காந்தவியல், வெப்ப இயக்கவியல், அலையும் ஒளியும், நவீன இயற்பியல். திடநிலையும் எலக்ட்ரானிக்ஸும் கடைசி.

நைட் ஷிப்ட் வாரத்தில் புதுப் பாடம் எடுக்காதீங்க, தலையில் நிக்காது. அந்த வாரம் பழைய கணக்கைத் திரும்பப் போடுறதுக்கு மட்டும். பகல் ஷிப்ட் வாரத்தில் புதுசு. வாரத்துக்கு 12 மணி நேரம் நிஜமா உக்காந்தா போதும், 25 மணின்னு சுவத்தில் எழுதி ஒட்டிட்டு மூணாவது வாரம் விடுறதைவிட இது மேல்.

சான்று வேணும்னா என்பிடெல் (ஐஐடிகள் சேர்ந்து நடத்துற இணையவழிப் பாடங்கள்). கணித முறைகள் பத்தின 12 வாரப் பாடம் ஒண்ணு எடுங்க. பாடம் இலவசம், தேர்வுக்கு 1000 ரூபாய். வாராந்திர அசைன்மென்ட்டில் சிறந்த எட்டுக்கு 25, நேரில் எழுதுற தேர்வுக்கு 75. ரெண்டிலும் தனித்தனியா 40 சதவீதம் வரணும். 60 தாண்டினா எலைட், 75 தாண்டினா அதோட சில்வர். 51 மார்க் ஷீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சில்வர் சான்றிதழ் வச்சா நேர்முகத்தில் கேள்வியே மாறும். 45 வாங்கின சான்றிதழை மட்டும் காட்டாதீங்க, அது எதிர்ச் சாட்சி.

தேர்வுக் கூடத்தில் மார்க் போறது ரெண்டு விஷயத்தில். திரையில் வர்ற கால்குலேட்டர்தான், கைக் கால்குலேட்டர் கிடையாது. அது டிகிரியில் இருக்கா ரேடியனில் இருக்கான்னு பார்க்காம அலைச் சமன்பாட்டுக்கு சைன் போட்டு சி பிரிவில் மார்க்கை விடுறவங்க அதிகம். இன்னொண்ணு, இடையிலேயே ரவுண்டு பண்றது. கடைசி வரியில் மட்டும் ரவுண்டு பண்ணுங்க. பழைய வினாத்தாள் ஜாம் அதிகாரப்பூர்வத் தளத்திலேயே இலவசமாக் கிடைக்கும், காசு கொடுத்து வாங்காதீங்க.

—

பாலக்கோடு_தக்காளி:

சின்ன விஷயம், ஆனா சீட்டே போகும். நம்ம ஊர் எம்.பி.சி. சாதிச் சான்றிதழை ஜாம், சியூஇடி, நெட் எதிலும் அப்படியே ஏத்துக்க மாட்டாங்க. மத்திய அரசுப் படிவத்தில் ஓபிசி நான்-கிரீமி லேயர் சான்றிதழ் தனியா வாங்கணும். இ-சேவையில் போட்டா தாசில்தார் ஆபீசுக்குப் போகும். எந்தத் தேதிக்கு அப்புறம் வாங்கினது செல்லும்னு அந்தந்த அறிவிப்பில் இருக்கும், போன வருஷச் சான்றிதழை அப்லோட் பண்ணிடாதீங்க. கிரீமி லேயர் வரம்பு வருஷத்துக்கு 8 லட்சம். அதில் பெற்றோரோட சம்பளத்தையும் விவசாய வருமானத்தையும் சேர்க்கக் கூடாது. தக்காளி, மாங்காய் வருமானத்தையும் கூட்டி எழுதி, கிடைக்காதுன்னு தானே முடிவு பண்ணிக்கிறவங்க உண்டு.

—

பென்னாகரம்_ரோடு:

ரொம்ப நன்றி. வெங்காயத் தோல் கணக்கில் நானும் பாதின்னுதான் போட்டேன். அதனால பத்து வாரம் கணக்குதான், முடிவு பண்ணிட்டேன்.

இன்னும் ரெண்டு. வேலையை விடாம இக்னோவில் (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) எம்.எஸ்சி. இயற்பியல் படிச்சா செல்லுமா? ரெண்டாவது, ஜெர்மனியில் ஃபீஸ் இல்லைன்னு ஷிப்டில் ஒரு அண்ணன் சொல்றாரு. நேரா அங்க போகலாமா?

—

ஊத்தங்கரை_லேப்:

இக்னோ செல்லும். அங்கீகாரம் உள்ள தொலைநிலைப் பட்டத்தை ரெகுலருக்குச் சமமா எடுத்துக்கணும்னு யுஜிசி சொல்லியிருக்கு. ஆனா லேப் நேரில் போய்த்தான் செய்யணும், அதுக்கு ஷிப்ட் லீவு கிடைக்குமான்னு முதல்ல பாருங்க. பெரிய குறை வேற. ரெண்டு வருஷம் உங்களைப் பக்கத்தில் பார்த்த ஒரு ஆசிரியர் இருக்க மாட்டாரு. பிஎச்.டி. விண்ணப்பத்தில் பரிந்துரைக் கடிதம் கேட்கிற இடத்தில் அது தெரியும். ரெகுலர் எம்.எஸ்சி.யில் முதல் வருஷம் இருக்கும்போது, பெங்களூரு இந்திய அறிவியல் அகாடமியும் மத்த ரெண்டு தேசிய அகாடமியும் சேர்ந்து நடத்துற கோடைக்கால ஆய்வு நல்கைக்குப் போடலாம். ரெண்டு மாசம் ஒரு ஆய்வகத்தில் வேலை. கடைசி வருஷ மாணவர் போட முடியாது, அதனால முதல் வருஷம் தீபாவளி சமயத்திலேயே அறிவிப்பைத் தேடுங்க. அங்கிருந்து வர்ற ஒரு கடிதத்துக்கு உள்ள எடை உங்க 51-ஐவிட அதிகம்.

ஜெர்மனி இப்ப வேண்டாம். அவங்க மார்க்கை மாத்துற சூத்திரம் இது: உச்ச மார்க்கிலிருந்து நீங்க வாங்கினதைக் கழிங்க, அதை உச்சத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்க, மூணால் பெருக்கி ஒண்ணைக் கூட்டுங்க. உங்களுக்கு, உச்சம் 100, பாஸ் 40-ன்னு எடுத்தா, 48.7-ஐ 60-ஆல் வகுத்து, மூணால் பெருக்கி, ஒண்ணு கூட்டினா 3.4. அங்க 1 நல்லது, 4 பாஸ் விளிம்பு. நிறைய இடத்தில் 2.5-க்குள்ள கேட்பாங்க, அதுக்கு நம்ம கணக்கில் 70 சதவீதம் வேணும். மூணு வருஷ பி.எஸ்சி. ஒரு தடை, ஏபிஎஸ் சான்றிதழ் (நம்ம பட்டத்தைச் சரிபார்த்து ஜெர்மன் தரப்பு தர்றது) ஒரு செலவு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் வெளிநாட்டவருக்கு செமஸ்டருக்கு 1500 யூரோ ஃபீஸும் இருக்கு. எம்.எஸ்சி. முடிச்சு, அங்க பிஎச்.டி.க்குப் போடுறது வேற கதை.

—

கருப்பூர்_கேட்:

விண்ணப்பம் திறக்கிறதுக்கு முன்னாடி இதையும் முடிச்சிடுங்க. ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியல், புரொவிஷனல், கன்வொகேஷன் சான்றிதழ், டி.சி. நாலும் கையில் இருக்கா? பெரியார் பல்கலையை விட்டு வேற பல்கலைக்கோ ஐஐடிக்கோ போனா மைக்ரேஷன் சான்றிதழ் கேட்பாங்க. சீட் கிடைச்ச பிறகு ஓடினா தேதி தாண்டிடும்.

இன்னொண்ணு இனிஷியல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னாடி, ஆதாரில் அப்பா பேர் முழுசா பின்னாடி, டிகிரியில் இனிஷியல் கடைசியில்னு மூணு மாதிரி இருக்கும். மத்தியப் படிவங்கள் முதல் பேர், கடைசிப் பேர்னு கேட்கும்போது ஆளாளுக்கு ஒண்ணு அடிச்சு வைப்பாங்க. பத்தாம் வகுப்பில் எப்படியோ அப்படியே எல்லாத்திலும் போடுங்க, ஆதார் ஒத்துப் போகலைன்னா இப்பவே திருத்துங்க. ஜாம் விண்ணப்பம் வழக்கமா செப்டம்பரில் திறக்கும், தேர்வு பிப்ரவரியில். தேர்வு மையத்துக்கு பெங்களூரையும் ஒரு விருப்பமாப் போடுங்க, ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர்தான். முந்தின நாள் நைட் ஷிப்ட் இல்லாம லீவு எழுதிக் கொடுத்துடுங்க.

—

மத்தூர்_மேத்ஸ்:

பத்து வாரம் முடிஞ்சதும் ஒரு பழைய ஜாம் தாளை 3 மணி நேரம் கடிகாரம் வச்சு எழுதி, ஏ, பி, சி மூணிலும் எவ்வளவுன்னு தனித்தனியா இங்க போடுங்க. 20-க்குக் கீழே வந்தாலும் போடுங்க. சி பிரிவில் தப்பான கேள்வி நம்பரையும் சேர்த்து.